இடிகம்பியில் ஒரு கோடு

வாங்க தம்பி, உக்காருங்க. அது வேணாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. தரகர் எங்க, மேல பாறைக்குப் போயிட்டாரா? அங்க ஏறினாத்தான் செல்போன் பேச முடியும். அவர் வர நேரமாகும், அதுக்குள்ள நாம பேசிக்கிருவோம். உங்க அம்மாவுக்கு முழங்கால் வலி, மலை ஏற முடியலன்னு சொன்னாரு. பரவாயில்ல. பொண்ணு பாக்க மாப்பிள்ளை மட்டும் வந்தது ஒருவகையில நல்லதுதான். பொம்பளைக இருந்தா புடவை, நகைன்னு பேச்சு போயிரும். நாம நம்ம விஷயத்தைப் பேசலாம்.

மடியில துப்பாக்கி இருக்கேன்னு பாக்குறீங்களா? லைசென்ஸ் இருக்கு, பயப்படாதீங்க. காட்டுப்பன்னிக்குக் குடுத்தது. காலையில குரங்குக்கூட்டம் வாழைக்குள்ள இறங்கிருச்சு, வெரட்டுறதுக்கு ரெண்டு வெடி போட்டேன். இன்னும் குழலைத் துடைக்கல. நீங்க வந்துட்டீங்க, அப்புறம் துடைச்சுக்கலாம்னு விட்டுட்டேன்.

சுகந்தி காப்பி போடுறா. நம்ம தோட்டத்துக் கொட்டை, நம்மளே வறுத்து இடிச்சது. குடிச்சுப் பாருங்க, அப்புறம் டவுன்ல காப்பின்னு எதையாச்சும் குடுத்தா துப்பிருவீங்க.

நான் சுத்தி வளைக்கிற ஆள் இல்ல, நேரா கேட்டுர்றேன். கீழ பஸ் ஸ்டாப்புல, புளியமரத்துக்குப் பக்கத்துல ஒரு இட்லிக்கடை இருக்கே, அங்க சாப்பிட்டீங்களா? ம். சாப்பிட்டீங்க. ஒருத்தன் ஒத்தக் கையால தோசை திருப்பிக்கிட்டு இருந்திருப்பானே, இடது கையில துணியைச் சுத்திக்கிட்டு. அவன்தான் என் மூத்த மாப்பிள்ளை, தெய்வேந்திரன். உங்களுக்கு சாம்பார் ஊத்தினவ என் மூத்த மக, பூங்கொடி. எந்த வீட்டுக்குப் போறீங்கன்னு கேட்டிருப்பாளே? வீரணன் வீட்டுக்குன்னு சொன்னீங்களா? சொன்னதும் என்ன சொன்னா?

ஒண்ணும் சொல்லலையா. சும்மா பாத்துக்கிட்டே நின்னாளா. அதான் அவ வேலை. வாயைத் திறந்து பேசிட்டாலும் நான் பதில் சொல்லிருவேன். பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கு யார் என்ன பதில் சொல்றது? அஞ்சாறு வருஷமா அந்த மரத்தடியில நின்னுக்கிட்டு, மலை ஏறுற ஆளுகளை எல்லாம் அப்படியே பாத்து அனுப்புறா. சுகந்திக்கு வந்த வரன் எல்லாம் ஒண்ணு பாதி வழியில திரும்பிப் போச்சு, இல்ல இங்க வந்து காப்பியைக் குடிச்சுட்டு, வீட்ல கேட்டுச் சொல்றோம்னு போச்சு. அதனால இந்தத் தடவை நானே முந்திக்கிட்டுச் சொல்லிர்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்றேன். கேட்டுட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

எங்க ஊர்ல சித்திரை மாசம் வேட்டைக்காரசாமி கும்பிடு. துப்பாக்கி வச்சிருக்கிற வீட்டுக்காரங்க எல்லாம் கோயில் களத்துக்குத் துப்பாக்கியோட வரணும். எதிர்ல பலா மரத்துல தேங்காயைக் கட்டித் தொங்க விட்டிருப்பாங்க. வீட்டுக்கு மூணு வெடி. தேங்காயை உடைக்கிற வீட்டுக்கு சாமி கழுத்துல இருந்து முதல் மாலை. எங்க வீட்டுக்குத்தான் அந்த மாலை வரும். எங்க தாத்தா வாங்கியிருக்காரு, அப்பா வாங்கியிருக்காரு, நானும் நிறைய வருஷம் வாங்கியிருக்கேன். நடுவுல கொஞ்சம் தவறிருச்சு. கண்ணுல புரை விழுந்த நேரம் அது. அதுக்காக என்ன, துப்பாக்கி எங்க வீட்டுத் துப்பாக்கிதானே.

அதுல ஒரு வழக்கம் இருக்கு பாருங்க. சாமி முன்னாடி ஒருதடவை துப்பாக்கியில மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிச்சுட்டா, உள்ள போனது நெருப்பாத்தான் வெளிய வரணும். மருந்தைக் கொட்டுறது, குண்டை உருவுறது, அந்தப் பேச்சே கிடையாது. அப்படி உருவின வீட்டுக்கு அந்த வருஷம் பூரா சாவு விழும்னு சொல்லுவாங்க. எங்க வீட்ல யாரும் உருவினது இல்ல. இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்பக் குண்டு விஷயத்துக்கு வர்றேன். நீங்க இந்த மாதிரித் துப்பாக்கி பாத்திருக்க மாட்டீங்க. கரண்டு ஆபீஸ்ல வயர்மேன் வேலைதானே? போஸ்ட்ல ஏறுற கை. நல்ல கைதான், காய்ச்சுப் போயிருக்கு. இந்தாங்க, பிடிச்சுப் பாருங்க. கனமா இருக்கா? மருந்தை இந்தக் குழல் வாய் வழியா போடணும். அதுக்கு மேல எண்ணெய்த் துணியில சுத்தின ஈயக்குண்டு. அதுக்கு மேல இந்த இடிகம்பியை விட்டு, குண்டு மருந்து மேல போய் உக்கார்ற வரைக்கும் இடிக்கணும். பின்னாடி இந்த மூக்குல கேப்பு, பொட்டுவெடி மாதிரி ஒண்ணு, அதை மாட்டி, குதிரையை இழுத்து, சுட வேண்டியதுதான்.

எங்க குண்டு எப்பவும் கொஞ்சம் சின்னது. லொடலொடன்னு இறங்கும். என் மாப்பிள்ளை வத்தலக்குண்டுல லேத் பட்டறையில வேலை பாத்தவன். எதையும் அளக்காம விட மாட்டான். பூங்கொடியைக் கட்டின புதுசுல இங்க வந்தான், குழலுக்குள்ள விரலை விட்டுப் பாத்தான். "மாமா, குண்டுக்கும் குழலுக்கும் இவ்ளோ சந்து இருந்தா அது எப்படி நேரா போகும்? அதான் உங்க குறி தப்புது" அப்படின்னான். சபையில சொல்றான். நாலு பேர் காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காங்க, அவங்க முன்னாடி சொல்றான். நான் சிரிச்சுக்கிட்டேன். புது மாப்பிள்ளை, என்ன சொல்ல முடியும்.

அடுத்த தடவை வரும்போது புது அச்சு ஒண்ணு கடைஞ்சு கொண்டாந்துட்டான். அவனே ஈயத்தைக் காய்ச்சி ஊத்தினான். குண்டு வழுவழுன்னு, குழலுக்குள்ள வச்சா அங்கேயே நிக்குது. ரெண்டு தட்டு தட்டினாத்தான் இறங்குது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல அச்சு. அவன் வேலையில நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

ஆனா அவனுக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. துடைச்ச குழல் வேற, வெடிச்ச குழல் வேற. ஒவ்வொரு வெடிக்கும் உள்ள கரி படியும், அடுப்புக்கு மேல ஓட்டுல படியிற மாதிரி. லொடலொடக் குண்டுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. அளவெடுத்த குண்டுக்கு அந்தக் கரியே எமன். ஒரு வெடி போட்டதும் ஈரத்துணியை விட்டுக் குழலைத் துடைக்கணும், அப்புறம்தான் அடுத்த குண்டு. துடைக்கலன்னா பாதியில போய் சிக்கிக்கும், மேலயும் வராது, கீழயும் போகாது.

சொல்லியிருக்கலாமேன்னுதானே பாக்குறீங்க? தம்பி, கேட்டாத்தானே சொல்ல முடியும். எல்லாம் தெரிஞ்ச ஆளுக்கு நான் என்னத்தைப் போய் சொல்றது. வலியப் போய்ச் சொன்னா, மாமனாருக்குப் பொறாமைன்னு பேச்சு வரும்.

கும்பிடு அன்னைக்கு ஊரே கூடியிருக்கு. நான் துப்பாக்கியை எடுத்துட்டுப் போறேன், பூசாரி என்னைப் பாக்காம அவனைப் பாத்து, "இந்த வருஷம் மாப்பிள்ளை சுடட்டுமே" அப்படிங்கறாரு. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. பூங்கொடியாத்தான் இருக்கும், அவளுக்குப் புருஷன் பெருமை. சரின்னு துப்பாக்கியைக் குடுத்தேன். முழு மனசோடதான் குடுத்தேன். இடிகம்பியை மட்டும் நான் வச்சுக்கிட்டேன், இடிக்கிறப்ப மட்டும் குடுப்பேன், எங்க வீட்டுப் பெரியவங்க கம்பி அது. பக்கத்துல சுகந்தி, அப்ப அவ ஸ்கூல் படிக்கிற புள்ள, மருந்துக் குப்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா.

மொத வெடியிலேயே தேங்காய் தூள் தூளாப் போச்சு. தண்ணி தெறிச்சு பூசாரி வேட்டியில விழுந்துச்சு. ஊரே கைதட்டுது. மாலையை எடுத்துட்டு வர்றாங்க. யாருக்குன்னு நினைக்கிறீங்க? வீட்டுக்குத்தான் மாலை, வீட்டுக்குத் தலை நான்தானே. நான் கழுத்தைக் குனிஞ்சுட்டேன், தம்பி. கழுத்தைக் குனிஞ்சு நிக்கிறேன், மாலை என்னைத் தாண்டிப் போய் அவன் கழுத்துல விழுது. எவனோ ஒரு பய பின்னாடி சிரிச்சான். அந்தச் சிரிப்பு இன்னமும் என் காதுல இருக்கு.

எனக்கு அது ஒண்ணும் பெருசில்ல. சாமி மாலை, யார் கழுத்துல கிடந்தா என்ன.

நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "ஒரு வெடியில என்ன மாப்ள, எங்க வீட்டுக்கு மூணு வெடி. மூணையும் போட்டாத்தான் கணக்கு." இதுல என்ன தப்பு? வழக்கத்தைச் சொன்னேன். ரெண்டாவது குண்டு கொஞ்சம் முக்கித்தான் இறங்குச்சு. அதுவும் அடுத்துக் கட்டின தேங்காயில பட்டுச்சு. மூணாவது பாதிக் குழல்ல நின்னுருச்சு.

காப்பி வந்துருச்சு. வா சுகந்தி. நல்லா பாத்துக்கங்க தம்பி. இவதான். பேச்சு கம்மி, சொன்ன பேச்சைக் கேப்பா. போலீஸ் ஸ்டேஷன்ல ஐயா கேட்டப்பக்கூட நான் சொல்லிக் குடுத்ததை ஒரு எழுத்து மாத்தாம சொன்னா. அந்த வயசுல எந்தப் புள்ள அப்படிச் சொல்லும்? தட்டை வச்சிட்டு நீ உள்ள போம்மா. போ, கூப்புடுறேன்.

எங்க விட்டேன்? ஆ, மூணாவது குண்டு. அவன் இடிக்கிறான், இடிக்கிறான், இறங்கல. கம்பிக்கு மேல கல்லை வச்சுத் தட்டுறான். வேர்த்து மாலையெல்லாம் நனைஞ்சு போச்சு. ஊரு பாக்குது. இந்த இடத்துல அந்தக் கம்பியைப் பத்திச் சொல்லணும். அதுல எங்க தாத்தா அரத்தால ஒரு கோடு கிழிச்சு வச்சிருக்காரு. இதோ, இதுதான் அந்தக் கம்பி, இந்தா கோடு. மருந்து, குண்டு எல்லாம் சரியா உக்காந்தா இந்தக் கோடு குழல் வாயோட வந்து சேரும். கோடு வெளிய தெரிஞ்சா குண்டு நடுவுல நிக்கிதுன்னு அர்த்தம். கீழ மருந்து, மேல குண்டு, நடுவுல வெறும் காத்து. அந்த நிலையில சுட்டா குண்டு போகாது, குழல்தான் போகும். இது எங்க வீட்ல பொறந்த புள்ளைகளுக்கெல்லாம் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியாது. வந்து ஒரு வருஷம் ஆகல, அதுக்குள்ள வீட்டு விஷயம் எல்லாத்தையும் சொல்லிர முடியுமா?

சிக்கின குண்டை எடுக்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. மொதல்ல கேப்பைக் கழட்டணும். அப்புறம் தண்ணி. பின்னாடி மூக்கு வழியா கொஞ்சம், குழல் வாய் வழியா கொஞ்சம், நிறைய ஊத்தி மருந்தைச் சேறாக்கிரணும். மருந்து நனைஞ்சுட்டா அது வெறும் கரிதான், ஒண்ணும் பண்ணாது. அப்புறம் கம்பி நுனியில ஒரு ஸ்குரூவை மாட்டி ஈயத்துக்குள்ள திருகி, நல்லா ஏறினதும் இழுத்தா வந்துரும். குழல் வாய்க்கு நேரா மூஞ்சியைக் காட்டாம இழுக்கணும், அவ்வளவுதான். நானே நாலஞ்சு தடவை எடுத்திருக்கேன், வாழைத்தோட்டத்துல, யாரும் பாக்காதப்ப. ரெண்டு தடவை கும்பிடு முடிஞ்ச கையோட எடுத்தேன். என்ன, சாவா விழுந்துருச்சு? ஒண்ணும் விழல.

அவனும் அதைத்தான் கேட்டான். "மாமா, இறங்க மாட்டேங்குது. தண்ணி ஊத்தி உருவிரலாமா?"

நான் என்ன சொல்றது? சாமி முன்னாடி கெட்டிச்சது. ஊரு பாத்துக்கிட்டு இருக்கு. "எங்க வீட்ல உருவினது இல்ல மாப்ள" அப்படின்னேன். உண்மையைத்தானே சொன்னேன், வழக்கத்தைத்தானே சொன்னேன். "மாலையைப் போட்டுக்கிட்டு உருவுனா நல்லாவா இருக்கும்? கை நடுங்குதோ?" அப்படின்னும் கேட்டேன். அது சும்மா கேலிக்கு. மாமன் மாப்பிள்ளைக்குள்ள இல்லாத கேலியா.

அவன் என்னையே பாத்தான். அப்புறம் சிரிச்சான். "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" அப்படின்னுட்டு கம்பியை உருவி என்கிட்ட குடுத்தான். கட்டின நாள்ல இருந்து அன்னைக்குத்தான் அவன் என் பேச்சைக் கேட்டான். எனக்கு மனசுக்கு அவ்வளவு குளிர்ச்சியா இருந்துச்சு. பொய் சொல்லல தம்பி, கண்ணுகூட கலங்கிருச்சு.

கோட்டைப் பாத்தேனான்னு கேக்குறீங்களா? இதைத்தான் பூங்கொடியும் கேட்டா. கொட்டு அடிக்கிறான், கூட்டம் கத்துது, கண்ணுல வேற புரை. நான் எங்க கோட்டைப் பாத்தேன். சுகந்திதான் என்னமோ சொன்னா. "அப்பா, கோடு மேல நிக்குதுப்பா"ன்னோ என்னமோ. அந்தச் சத்தத்துல சரியா காதுல விழல. பேசாம இருன்னு கையைப் பிடிச்சேன். கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுட்டேன்போல, வளையல் உடைஞ்சு கையில குத்திருச்சு. சின்னக் காயம்தான். ஒரு சாண் உயரத்துக்குக் கோடு மேல நின்னா அதுக்கு நான் என்ன பண்றது, அவன்ல இடிச்சான்.

அவன் குறி பாக்கும்போது நான் பக்கத்துல இல்ல. சூடம் பொருத்தணுமேன்னு கோயிலுக்குப் பின்பக்கம் போயிட்டேன். சுகந்தியையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டேன். எதுக்கா? வெடிப்புகை அவளுக்கு ஆகாது. இருமல் வந்துரும்.

சத்தம் கேட்டு ஓடியாந்து பாக்குறேன். தம்பி, நான் கண்ட காட்சியை எந்தப் பகையாளியும் காணக் கூடாது. எங்க தாத்தா துப்பாக்கி. சீமையில செஞ்ச குழல், வெள்ளைக்காரன் காலத்துல வாங்கினது. நடுவுல பூ மாதிரி விரிஞ்சு கிடக்கு. கட்டை ரெண்டாப் பிளந்து கிடக்கு. நான் அப்படியே மண்ணுல உக்காந்துட்டேன். வாய்விட்டு அழுதேன். ஊரே என்னைப் பாத்துச்சு, நான் அழுததை. இல்லைன்னு எவனாச்சும் சொல்லட்டும்.

அவனுக்கா? இடது கை குழலைத் தாங்கிப் பிடிச்சிருந்த இடத்துலதான் வெடிச்சிருக்கு. விரல் போச்சு, உள்ளங்கையில பாதி போச்சு. மாலையில பூவும் ரத்தமும் ஒட்டிக்கிட்டு நிக்கிறான். கையைத் தூக்கித் தூக்கிப் பாக்குறான், லேத்துல வச்ச சாமானைப் பாக்குற மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்குறான். அப்புறம் என்னைப் பாத்து, "மாமா, கேப்பு சரியாத்தானே மாட்டினேன்?" அப்படின்னான். அவனுக்கு அதுகூடத் தெரியல. கேப்புல கோளாறாம்.

ஜீப்புல மதுரைக்குக் கொண்டு போனோம். கட்டுப் போடுறதுக்கு முன்னாடி வாட்சைக் கழட்டிக் குடுத்தாங்க. கல்யாணத்துக்கு நான் அவனுக்குப் போட்ட வாட்ச். கை போச்சு, வாட்சுல ஒரு கீறல் கிடையாது பாத்துக்கங்க. ஓடிக்கிட்டே இருந்துச்சு. கழுவித் துடைச்சு பத்திரமா வச்சிருக்கேன். இதோ, பையில உங்களுக்குன்னே எடுத்து வச்சேன். கையை நீட்டுங்க. அந்தக் கை இல்ல, இடது கை. அட, சங்கோஜப்படாதீங்க. பொண்ணு பிடிக்குதோ பிடிக்கலையோ, வீட்டுக்கு வந்த புள்ளைக்கு ஒண்ணு போடணும்ல. பாருங்க, அளவெடுத்த மாதிரி உக்காந்துருச்சு.

அந்த ஜீப்புலதான் பூங்கொடி சுகந்தியோட கையைப் பாத்தா, வளையல் குத்தின காயத்தை. எப்படிடின்னு கேட்டா. சுகந்தி கையைப் பாவாடைக்குள்ள மறைச்சுக்கிட்டா. பூங்கொடி என்னைப் பாத்து, "கோடு தெரிஞ்சுதாப்பா?" அப்படின்னா. அவ்வளவுதான், அதுக்கப்புறம் அவ என்கிட்ட பேசல. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வரல. துணிமணியைக்கூட எடுக்க வரல. அவனுக்கு லேத் வேலை போச்சு, ஒத்தக் கையை வச்சுக்கிட்டு எவன் வேலை குடுப்பான். கடையைப் போட்டுட்டாங்க. எங்கேயாச்சும் கண்காணாத ஊர்ல போட வேண்டியதுதானே? என் மலைக்கு ஏறுற பாதையில போட்டிருக்காங்க. பெத்த அப்பனை இப்படிச் சந்தியில நிறுத்துறது நியாயமா, சொல்லுங்க.

ஒருதடவை நானே போனேன். ஒரு தோசை குடுன்னு உக்காந்தேன். அவன் இலையைப் போட்டு, தோசையை வச்சு, சட்னி ஊத்தி, "மாமா, உடம்பு நல்லாருக்கா?" அப்படின்னான். அவனுக்கு என் மேல ஒண்ணும் இல்ல தம்பி. விதின்னு ஏத்துக்கிட்டான். கோடு விஷயம் அவனுக்குத் தெரியாதோன்னு நினைச்சேன். சாப்பிட்டு எந்திரிச்சப்பதான் பாத்தேன், பூங்கொடி கரண்டியைப் போட்டுட்டு எனக்கும் அவனுக்கும் நடுவுல வந்து நின்னா. அப்பத்தான் தெரிஞ்சுது, அவனுக்கு அவளும் சொல்லல. எதுக்குச் சொல்லலன்னு எனக்குப் புரியல. சொன்னா அவன் என்ன பண்ணிருவான், ஒத்தக் கையை வச்சுக்கிட்டு.

சரி, போனது போச்சு. அலைஞ்சு திரிஞ்சு லைசென்ஸை மறுபடி வாங்கினேன். இந்தத் துப்பாக்கி பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர் இறந்து அவங்க வீட்ல குடுத்தது. தாத்தா துப்பாக்கி மாதிரி வராது. கம்பி மட்டும் அதே கம்பி, ரெண்டு குழலும் ஒரே நீளம். அச்சும் அதே அச்சுதான், அவன் கடைஞ்சது. நல்ல அச்சை எதுக்கு வீணாக்கணும்? இந்தக் குழலுக்கும் சிக்குனு சேருது.

இப்ப ஒரு சின்ன வேலை. எங்க வீட்ல பொண்ணு கேட்டு வர்றவங்க வாசல்ல ஒரு வெடி போடணும். அது வழக்கம். வந்தவங்க எல்லாரும் போட்டாங்களான்னு கேக்காதீங்க, அவனுக பயந்தாங்கொள்ளிங்க. நீங்க கரண்டுக் கம்பியைத் தொடுற ஆளு. எந்திரிங்க. துப்பாக்கியை நட்டுக்குத்தலா நிறுத்துங்க. மருந்து நான் போட்டுட்டேன், நாம பேசிக்கிட்டு இருக்கும்போதே போட்டுட்டேன். துணி இந்தா. குண்டு இந்தா. வச்சுத் தட்டுங்க. கம்பியை விட்டு இடிங்க.

இன்னும் நல்லா இடிங்க. முக்கித்தான் இறங்கும். ஆமா, காலையில போட்ட ரெண்டு வெடிக் கரி உள்ள இருக்கும். அதெல்லாம் பாத்தா ஆகுமா. இடிங்க. நின்னுருச்சா? நின்னா நிக்கட்டும். போதும், கம்பியை எடுத்துருங்க.

என்ன, கோட்டைப் பாக்குறீங்களா? நான் ஒரு கதையைச் சொன்னா அதையே பிடிச்சுக்கிறீங்களே. கோடு கொஞ்சம் மேலதான் நிக்குது. ஒரு சாண்கூட இருக்காது. தம்பி, என் மூஞ்சியைப் பாருங்க. நான் எனக்காகவா சொல்றேன்? எனக்கு வேண்டியது சொத்து சுகம் இல்ல. படிச்சவன் வேணாம், பணக்காரன் வேணாம். மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைக்கிற ஒரு புள்ள வேணும். அவ்வளவுதான். அது ஒண்ணுதான் நான் பாக்குறது. சுடுங்கன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே. சொன்னா சுடுவீங்களான்னுதான் பாக்குறேன்.

சுகந்தி, உன்னை யார் வெளிய வரச் சொன்னது? எதுக்கு மாப்பிள்ளையைப் பாத்துத் தலையை ஆட்டுற? உள்ள போ. கையில என்ன, செம்பா? அவருக்குத் தண்ணி ஒண்ணும் வேணாம், காப்பி குடிச்சிட்டாரு. ஏய், என்ன பண்ற. துப்பாக்கியை எதுக்குடி வாங்குற. சுகந்தி. குழலுக்குள்ள ஊத்தாத. மருந்து நனையுது. ஊத்தாதங்கறேன்ல. மூக்குலயும் ஊத்துறியா?

அடிப்பாவி. எங்க வீட்ல உருவினது இல்லடி.

என்ன தெரிஞ்சுது? அன்னைக்குக் கோடு தெரிஞ்சுதா? யாருக்குத் தெரிஞ்சுது? எனக்கா? நீ பாத்தியா நான் பாத்ததை? தம்பி, அவ சொல்றதைக் கேக்காதீங்க, சின்னப் புள்ள. ஸ்டேஷன்ல கோடே தெரியலைன்னுதான் இவ சொன்னா, வேணும்னா போய்க் கேளுங்க. அது ஒண்ணுதான் உண்மை. எங்கடி கிளம்புற? செருப்பை எதுக்கு மாட்டுற? அக்கா கடைக்கா? அவன்கிட்டப் போய்ச் சொல்லப் போறியா? சொல்லி அவன் மனசையும் நோகடிக்கப் போறியா? பாவம்டி அவன், விதின்னு நிம்மதியா இருக்கான்.

நீங்க எதுக்குக் கிளம்புறீங்க. தரகர் வரட்டும், சாப்பிட்டுட்டுப் போகலாம். அவளுக்குத் துணைக்குப் போறீங்களா. யாரைக் கேட்டு? அப்ப பொண்ணு பிடிச்சிருக்கா, பிடிக்கலையா? சொல்லிட்டாவது போங்க.

சரி, போங்க. எல்லாரும் போங்க. தண்ணி வடியிது பாருங்க இதுல, துரு ஏறிரும். இனி நான் ஒத்தையா உக்காந்து குண்டை உருவணும், குழலைத் துடைக்கணும், எண்ணெய் போடணும். கண்ணும் சரியாத் தெரியாது.

தம்பி. ஒரு நிமிஷம் நில்லுங்க. போறதுதான் போறீங்க, அந்த வாட்சைக் கழட்டி வச்சுட்டுப் போங்க.